முல்தானில் நீ அழுத இடம்

தம்பி,

அன்று முல்தானில் நான் உன்னிடம் சொல்லாமல் விட்டது இதுதான். நீ முழங்காலிட்டு, இரண்டு கைகளையும் மண்ணில் ஊன்றி அழுத அந்தக் கபர் உன் அம்மாவுடையது அல்ல. அதை நான் அங்கே நின்றபோதே அறிந்தேன். மறுநாள் லாகூருக்குப் பேருந்தில் வந்தபோது என் தோளில் தலை சாய்த்துத் தூங்கினாய், அப்போதும் சொல்லவில்லை. விமானத்திலும் சொல்லவில்லை. கெடாவில் நம் செமிலிங் வீட்டுக் கதவைத் திறந்து ஜன்னல்களைத் தள்ளிவிட்டு, இருவரும் மூட்டை முடிச்சோடு நாற்காலியில் உட்கார்ந்து ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோமே, அப்போது சொல்லியிருக்கலாம். அதன் பிறகு ஒரு வருடத்துக்கும் மேல் ஆகிவிட்டது.

போன வாரம் நீ ஒரு குரல் செய்தி அனுப்பியிருந்தாய். பின்னால் ஆட்டோக்களின் சத்தம், யாரோ உன்னை உருதுவில் கூப்பிடும் சத்தம். "சின்னம்மா, அம்மாவுக்குக் கல்லு செய்யச் சொல்லிட்டேன் லா. நீலப் பூ வேலை போட்ட கல்லு, ரொம்ப அழகு. எந்தப் பேரு போடுறதுன்னுதான் தெரியல. ரோசலின்னு போடவா, நூர் ஆயிஷான்னு போடவா? அப்பா ஒங்ககிட்ட கேக்கச் சொன்னாரு." உன் குரலில் அவ்வளவு சந்தோஷம். நான் பதில் அனுப்பவில்லை. வேலை அதிகம் என்று நீ நினைத்திருப்பாய். கிளினிக்கில் மருந்துச் சீட்டுகளை அடுக்கிக்கொண்டே அந்தச் செய்தியைத் திரும்பத் திரும்பக் கேட்டேன். போனில் சொல்ல என்னால் முடியாது. பேச்சில் நான் எப்போதும் பாதியில் நின்றுவிடுவேன் என்பது உனக்குத் தெரியும். அதனால் எழுதுகிறேன். உன் பெயரும் என் பெயரும் இல்லாமல் இதை நாலு பேர் படிக்கிற இடத்தில் போடவும் சம்மதித்திருக்கிறேன். தங்கள் ஆளை எங்கோ தூரத்து மண்ணுக்குக் கொடுத்துவிட்டு இங்கே இருப்பவர்கள் இந்தப் பக்கம் நிறையப் பேர். இறந்தவளின் பெயரை மட்டும் மறைக்கவில்லை. அவளை ஏற்கெனவே போதுமான அளவு மறைத்துவிட்டோம்.

உன் அம்மா, என் அக்கா, சுங்கைப் பட்டாணியில் எலெக்ட்ரானிக்ஸ் ஃபேக்டரிக்குப் போய்க்கொண்டிருந்தபோதுதான் முல்தானிலிருந்து பிழைக்க வந்த உன் அப்பா எங்கள் ரப்பர் தோட்டத்துக்கு மோட்டார் சைக்கிளில் துணி விற்க வருவார். பின்சீட்டில் அவரைவிட உயரமாகத் துணிமூட்டை. சந்தையில் மலாய் பேசக் கற்றுக்கொள்வதற்கு முன்பே எங்கள் லயத்துப் பெண்களிடம் பேரம் பேசித் தமிழ் கற்றுக்கொண்ட ஆள் அவர். அதனால் அவருடைய தமிழில் நிறங்களும் உறவுமுறைகளும் மட்டும் சுத்தமாக இருக்கும். "அக்கா, இது அசல் சாயம், ஒங்க கோபம் போனாலும் இது போகாது லா" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். உன் அம்மா மட்டும் சிரிக்காமல் துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பாள். அவள் சிரிக்காததைத்தான் அவர் கவனித்தாராம், பிறகு சொன்னார். அவள் கிறிஸ்தவத்தை விட்டு இஸ்லாத்துக்கு மாறி அவரைக் கட்டிக்கொண்டாள். அப்பா, அதாவது உன் தாத்தா, கோயில் உபதேசியாரிடம் போய் எனக்கு ஒரே மகள்தான் என்று சொல்லிவிட்டு வந்தார். ஆனால் நீ பிறந்த அன்று, யாருக்கும் சொல்லாமல் டிராக்டரை ஷெட்டில் விட்டுவிட்டு பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போய், கண்ணாடிக்கு வெளியே நின்று உன்னைப் பார்த்துவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பினார். என்னிடம் வந்து, "காது நம்ம காதுதான்" என்று மட்டும் சொன்னார்.

உனக்கு இரண்டு வயது நடக்கும்போது முல்தானில் உன் அப்பாவின் தகப்பனாருக்கு உடம்புக்கு முடியாமல் போயிற்று. புறப்படும் நேரத்தில் உனக்கு அம்மை போட்டுவிட்டது. அக்கா உன்னை என்னிடம் கொண்டுவந்து விட்டாள். திருமணத்துக்குப் பிறகு அவள் எங்கள் வாசலில் கால் வைத்தது அன்றுதான். வேப்பிலைக் கட்டையும் உன் சட்டைகளையும் என் கையில் கொடுத்து, "மூணு மாசம்தான்டி. பாத்துக்க" என்றாள். அப்பா உள்ளே இருந்தார். வெளியே வரவில்லை. அவளும் எட்டிப் பார்க்கவில்லை. அங்கே போன சில வாரங்களில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. சேதி எங்கள் கடைக்காரர் வீட்டுப் போனுக்கு வந்தபோது அவளை அடக்கம் செய்தாகிவிட்டது. பிறகு தபாலில் ஒரு புகைப்படம் வந்தது. புது மண் மேடு. அதன் தலைமாட்டை ஒட்டி ஒரு பழைய செங்கல் சுவர். வலப்பக்கம் ஒரு இலந்தை மரம். இடப்பக்கத்தில், தூரத்தில், வெள்ளையும் நீலமுமாக ஒரு பெரிய தர்காவின் குவிமாடம். அந்தப் படம்தான் நம் கூடத்தில் கடிகாரத்துக்குக் கீழே மாட்டியிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே நீ சாப்பிட்டு வளர்ந்தாய். நான் அதைப் பார்த்துக்கொண்டே உனக்கு ஊட்டினேன்.

எனக்கு அப்போது பதினெட்டு வயது. பரீட்சை முடித்து, கல்லூரிக்கு விண்ணப்பம் போட்டுவிட்டு, கையில் கிடைத்த புத்தகத்தையெல்லாம் படித்துக்கொண்டிருந்த பெண். பிள்ளை வளர்ப்பதைப் பற்றி எந்தப் புத்தகத்திலும் படித்திருக்கவில்லை. அதிலும் நீ முஸ்லிம் பிள்ளை. உன்னை அப்படியே வளர்க்க வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. அக்கா தெரிந்து எடுத்த முடிவை அவள் செத்த பிறகு நான் மாற்றக்கூடாது என்று தோன்றியது, அவ்வளவுதான். எதிர்வீட்டு மக்சிக், அந்த மலாய்க்காரப் பெரியம்மா, வந்து நம் அடுப்படியில் நின்று, எந்தச் சட்டியை வைத்துக்கொள்ளலாம், எதைத் தூக்கிப் போட வேண்டும் என்று பிரித்துக் கொடுத்தார். அப்பாவுக்குக் கிறிஸ்மஸ் என்றால் பன்றி வறுவல் வேண்டும். அந்த வருடத்திலிருந்து அதைச் சாப்பிட பெடோங்கில் இருந்த நண்பர் வீட்டுக்குப் போக ஆரம்பித்தார். "என் வீட்டுல நான் விருந்தாளி. இந்தப் பொடிப்பயதான் வீட்டுக்காரன்" என்று வருபவர்களிடம் குறை சொல்வார். ஆனால் நோன்பு மாதத்தில் விடியலுக்கு முன் உன்னை எழுப்புவது அவர்தான். நான் சோறு சூடாக்க, அவர் உன்னைத் தூக்கிக்கொண்டு வந்து நாற்காலியில் வைப்பார். நாங்கள் இருவரும் உன்னோடு சேர்ந்து சாப்பிடுவோம், பகலில் உன் முன்னால் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டோம். கோயிலில் பெண்கள் பேசினார்கள். "கல்யாணம் கட்டாமலே ஒருத்தி அம்மாவாயிட்டா, அதுவும் எந்தக் கோயிலுக்கும் சேராத புள்ளைக்கு" என்று ஒருத்தி என் காதுபடச் சொன்னாள். நான் பாட்டுப் புத்தகத்தைத் திறந்து அடுத்த பாட்டைத் தேடினேன். அது என் வழக்கம். பதில் தெரியாதபோது நான் ஏதாவது ஒரு பக்கத்தைத் திறந்துவிடுவேன்.

உனக்கு நினைவிருக்கிறதோ இல்லையோ, நான்காம் வகுப்பில் ஒரு நாள் பள்ளிக்கு என்னை வரச் சொன்னார்கள். புதிதாக வந்த ஆசிரியை, இது யார் என்று உன்னைக் கேட்டார். "அம்மா" என்றாய். திரும்பி வரும்போது காரில், "சாரி சின்னம்மா, டீச்சருக்கு எல்லாத்தையும் சொல்ல நேரமில்ல" என்றாய். நான் ரோட்டைப் பார்த்துக்கொண்டே, பரவாயில்லை என்றேன். மன்னிப்புக் கேட்க அதில் ஒன்றுமில்லை என்று சொல்லியிருக்க வேண்டும். உன் வாயால் அந்தச் சொல்லை நான் கேட்டது அந்த ஒரு முறைதான், அதற்கும் நீ மன்னிப்புக் கேட்டுவிட்டாய்.

உன் அப்பா உன்னை மறக்கவில்லை. உனக்கு நாலு வயதில் ஒரு முறை வந்து, ஒரு வாரம் தங்கினார். நீ என் முந்தானைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு அவரை எட்டிப் பார்த்தாய். போகும்போது, "ஒங்கிட்டயே இருக்கட்டும் தங்கச்சி, ஒன் கையிலதான் சாப்பிடுறான்" என்றார். பிறகு இங்கே தங்க அவருக்கு இருந்த பெர்மிட் முடிந்தது. முல்தானிலேயே மறுமணம் செய்துகொண்டார். ஆனாலும் ஒவ்வொரு நோன்புப் பெருநாளுக்கும் உனக்கு ஒரு குர்தா வரும். எப்போதும் ஓர் அளவு சின்னதாகவே வரும். அவர் மனதில் நீ வளரும் வேகம் நிஜத்தைவிடக் கொஞ்சம் மெதுவாக இருந்தது. நான் கை மடிப்பைப் பிரித்துத் தைத்துப் போட்டுவிடுவேன். அது உனக்குத் தெரியாது என்று நினைக்கிறேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தக் கடிதம் அதைச் சுற்றித்தான் இருக்கிறது. கல்லறைத் திருநாளன்று நாம் எல்லோரும் கல்லறைத் தோட்டத்துக்குப் போவோம், நீ வெளியே மதகின்மேல் உட்கார்ந்திருப்பாய். அந்தத் தோட்டத்தின் நடுவில் ஒரு பெரிய சிலுவை உண்டு. அதன் அடியில் யாரும் புதைக்கப்படவில்லை. வேறு ஊரில் இறந்தவர்களுக்கு, கடலில் போனவர்களுக்கு, எங்கே கிடக்கிறார்கள் என்றே தெரியாதவர்களுக்கு அங்கேதான் மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள். அக்கா இறந்த வருடம், என் அம்மாவின் கல்லறையில் வர்த்தி ஏற்றிவிட்டு அப்பாவைத் தேடினேன். சிலுவையடியில் குந்தியிருந்தார். காற்றில் அணையாமல் ஒரு வர்த்தியைக் கையால் மறைத்துப் பிடித்திருந்தார். என்னைப் பார்த்ததும், "சும்மா. மிச்சம் ஒண்ணு இருந்துச்சு" என்றார். அடுத்த வருடமும் மிச்சம் ஒன்று இருந்தது. அவர் இறக்கும்வரை ஒவ்வொரு வருடமும் ஒன்று மிஞ்சியது.

அவரை அடக்கம் செய்த பிறகுதான் நீ அம்மாவின் கபரைப் பார்க்க வேண்டும் என்றாய். போன் கடையில் வேலை பார்த்துச் சேர்த்து வைத்திருந்த சம்பளத்தை எடுத்துக்கொண்டு வந்து என் முன்னால் நின்றாய். எனக்கும் ஆசைதான். முல்தானைப் பற்றி எத்தனையோ வருடங்களாகப் படித்து வைத்திருந்தேன். எத்தனை முறை இடிந்தும் எழுந்த நகரம், ஞானிகள் தூங்கும் நகரம், வெயிலும் புழுதியும் கல்லறைகளும் நிறைந்த நகரம். மெர்போக் பக்கத்தில், பழங்காலக் கோயில்களின் இடிந்த கற்களுக்கு நடுவே பிறந்து வளர்ந்த நமக்குப் பழமை ஒன்றும் புதிதில்லை என்று நினைத்திருந்தேன். நம் ஊர்ப் பழமையைச் சுற்றி வேலி போட்டு வைத்திருக்கிறார்கள். அங்கே அதன்மேல் துணி காயப் போட்டிருந்தார்கள். புறப்படும் முன் அப்பாவின் கல்லறையிலிருந்து ஒரு பிடி மண்ணை எடுத்துக் கைக்குட்டையில் முடிந்துகொண்டேன். உயிரோடு இருந்தபோது கதவுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் நின்றவர்களை, இப்படியாவது சேர்த்துவிடலாம் என்று ஒரு எண்ணம். உன்னிடம் அதைச் சொன்னேன். நீ அந்த முடிச்சை வாங்கி முகர்ந்து பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாய்.

உன் அப்பா பேருந்து நிலையத்துக்கு வந்திருந்தார். எவ்வளவு மெலிந்துவிட்டார். முதலில் உன்னைத் தொடாமல் உன் தோள் உயரத்தைக் கையால் காற்றில் அளந்தார். அப்புறம் என் பக்கம் திரும்பி, இத்தனை வருடத்துக்குப் பிறகு, கெடாத் தோட்டத்துத் தமிழில், "தங்கச்சி, சாப்ட்டாச்சா லா?" என்றார். அந்த நகரத்தில் அந்தத் தமிழைப் பேச அவருக்கு வேறு யாருமே இல்லை. எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. அவர் மனைவி நம்மோடு ஒரு சொல்கூடப் பேச முடியாமல், என் இரண்டு கன்னங்களையும் தடவி, தட்டில் ரொட்டிமேல் ரொட்டியாக வைத்துக்கொண்டே இருந்தார்.

மறுநாள் வியாழக்கிழமை. மையவாடிக்கு, அக்காவை அடக்கம் செய்த இடத்துக்கு, போகும் முன் உன் அப்பா நம்மைப் பெரிய தர்காவுக்குக் கூட்டிப் போனார். செருப்பைக் கழற்றிவிட்டு முற்றத்தில் கால் வைத்ததும் கல் சுட்டது. உனக்கு ஞாபகம் இருக்கும், நிழல் விழுந்த இடமாகப் பார்த்துப் பார்த்து நாம் இருவரும் தாண்டித் தாண்டிப் போனோம். நூற்றுக்கணக்கான புறாக்கள். சுவர் முழுக்க நீல ஓடுகள். ஒரு பெண் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, தாயிடம் குறை சொல்வதுபோல உள்ளே இருப்பவரிடம் ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தாள். யாரும் அவளை அவசரப்படுத்தவில்லை. நீ உள்ளே போய்த் தொழுதாய். நான் பெண்களோடு உட்கார்ந்திருந்தேன். யாரும் என்னை யார் என்று கேட்கவில்லை. நான் எந்தக் கோயிலிலும் அவ்வளவு நிம்மதியாக உட்கார்ந்ததில்லை. முதல்முறையாக, அக்கா நல்ல இடத்தில்தான் இருக்கிறாள் என்று நினைத்தேன்.

பிறகு மையவாடி. உன் அப்பா முன்னால் நடந்தார். வேகமாக நடந்தார், வழி தெரிந்தவர் போல. ஆனால் இரண்டு முறை நின்று குவிமாடத்தைத் திரும்பிப் பார்த்தார். கடைசியில் நடுவில் இருந்த ஒரு மண் மேட்டைக் காட்டி, "இதான்" என்றார். நீ அப்படியே உட்கார்ந்துவிட்டாய். நான் படத்தில் உள்ளதுபோலக் கால்மாட்டில் நின்று நிமிர்ந்து பார்த்தேன். தலைமாட்டில் சுவர் இல்லை. இலந்தை மரம் இல்லை. குவிமாடம் வலப்பக்கம் இருந்தது. சுவர் இடிந்திருக்கலாம், மரத்தை வெட்டியிருக்கலாம் என்று முதலில் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் குவிமாடத்தை யாரும் இடம் மாற்ற முடியாது. அதற்குள் கால்மாட்டில் இருந்ததைப் பார்த்துவிட்டேன். பறவைகளுக்கு வைக்கிற சின்ன மண் கிண்ணம், நிறையத் தண்ணீர். அந்த வெயிலில் ஒரு நாள்கூடத் தாங்காத தண்ணீர். மேட்டின்மேல் ரோஜா இதழ்கள், இன்னும் ஓரம் கருகாதவை. அன்று காலையில்தான் யாரோ வந்து போயிருக்கிறார்கள். அது யாரோ ஒருவருடைய அம்மா.

நீ இதழ்களைப் பார்த்துவிட்டு உன் அப்பாவை நிமிர்ந்து பார்த்தாய். அவர்தான் காலையிலேயே வந்து போட்டிருக்கிறார் என்று நினைத்தாய். அவர் மறுக்கவில்லை. கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். அப்போதுதான் நீ அழுதாய். உன்னை வளர்த்த இத்தனை வருடங்களில் நீ உன் அம்மாவுக்காக அழுது நான் பார்த்ததே இல்லை. படத்தைப் பார்த்துச் சாப்பிடுவாய், பள்ளிக்குப் போவாய், அவ்வளவுதான். அன்று உன் முதுகு குலுங்கியது. கொஞ்ச நேரம் கழித்து முகத்தைத் துடைக்காமலே என்னிடம் கையை நீட்டி, "தாத்தா மண்ணு, சின்னம்மா" என்றாய்.

சொல்வதாக இருந்தால் அப்போதே சொல்லியிருக்க வேண்டும். நான் முடிச்சை அவிழ்த்தேன். செமிலிங்கின் சிவந்த மண்ணை, என் அப்பாவின் மண்ணை, பெயர் தெரியாத ஒருவர்மேல் தூவினேன். நீ உன் கையால் அதை மெதுவாகத் தடவிச் சேர்த்தாய்.

நீ குழாயடிக்கு முகம் கழுவப் போனபோது உன் அப்பா என் அருகில் வந்து நின்றார். "மழ பெஞ்சு எல்லாம் சமமாப் போச்சு" என்றார். "நான் அப்ப துபாய்ல வேலயில இருந்தேன். வந்து தேடுனேன், தங்கச்சி. ரொம்ப நாளு தேடுனேன்." நான் அந்தக் கிண்ணத்தைப் பார்த்தேன். அவரும் பார்த்தார். "புள்ளைக்கு அழ ஒரு எடம் வேணும்ல" என்றார். அவ்வளவுதான் பேசினோம். அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. இன்றும் இல்லை. இதைப் படித்துவிட்டு நீயும் கோபப்படாதே என்று கேட்டுக்கொள்கிறேன். தொலைத்ததை ஒத்துக்கொள்ள முடியாத ஒரு மனிதர், பல வருடம் கழித்து வந்த மகனுக்கு வெறுங்கையைக் காட்ட முடியாமல், அருகில் கிடைத்ததைக் காட்டிவிட்டார். அளவு சின்னதான குர்தாக்களை அனுப்பியவர்தான் அவர்.

திரும்பி வந்த பிறகு உன்னால் இங்கே இருக்க முடியவில்லை. கடைக்குப் போனாய், வந்தாய், கூடத்தில் அந்தப் படத்துக்குக் கீழே போனில் முல்தான் படங்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். ஒரு நாள் சாப்பிடும்போது, "அம்மா அங்க தனியா இருக்காங்க சின்னம்மா" என்றாய். அப்பாவுக்கும் உடம்பு சரியில்லை, துணிக்கடையைப் பார்க்க ஆள் இல்லை என்றாய். எத்தனை நாள் என்று கேட்டேன். "மூணு மாசம்தான் லா" என்று சிரித்தாய். அந்த வார்த்தையை அதற்கு முன்பு நம் வாசலில் யார் சொன்னார்கள் என்று உனக்குத் தெரியாது. நான் உன் சட்டைகளை மடித்துப் பெட்டியில் வைத்தேன்.

இங்கே ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அன்று சாப்பாட்டு மேசையில், அங்கே உன் அம்மா இல்லை என்று நான் சொல்லியிருந்தால் நீ போயிருக்க மாட்டாய். அதனால்தான் என்னால் சொல்ல முடியவில்லை. உண்மையைச் சொன்னால் அது உண்மைக்காகச் சொன்னதாக இருக்காது, உன்னை நிறுத்திவைக்கச் சொன்னதாக ஆகிவிடும். உனக்கும் அப்படித்தான் தோன்றும், எனக்கும் அப்படித்தான் தோன்றும். இன்றுவரை ஒவ்வொரு வியாழக்கிழமையும் நீ அனுப்புகிற படத்தைத் திறந்து பார்க்கிறேன். சுத்தமாகத் துடைத்த மேடு, இதழ்கள், தண்ணீர்க் கிண்ணம். கிண்ணத்தை இப்போது நீ நிறைக்கிறாயா, இல்லை அவர்களா என்று யோசிப்பேன். நீங்கள் ஒருவரை ஒருவர் சந்திக்காமலே, ஒரே கபருக்கு மாறி மாறித் தண்ணீர் வைத்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று தோன்றும். அதில்கூட ஓர் அழகு இருப்பதாக நினைத்து என்னைத் தேற்றிக்கொண்டேன். யாரோ ஒருவருடைய தாயை நீ உன் தாய்போலக் கவனிப்பதில் யாருக்கு என்ன நஷ்டம்? நானே அப்படி ஒருத்தியின் பிள்ளையைக் கவனித்தவள்தானே.

ஆனால் கல் அப்படி அல்ல. கண்ணீர் மண்ணுக்குள் போய்விடும், இதழ் காற்றில் பறந்துவிடும். கல் நிற்கும். அதில் ஒரு பெயர் இருக்கும். அடுத்த வியாழக்கிழமை காலையில் கையில் இதழோடும் தண்ணீரோடும் வருகிறவர், தன் தாய் கிடக்கும் இடத்தில் யாரோ ஒரு பெண்ணின் பெயரைப் பார்ப்பார். தான்தான் இடம் தவறிவிட்டோமோ என்று குவிமாடத்தைத் திரும்பிப் பார்ப்பார், உன் அப்பா பார்த்ததுபோல. ஏழைகளுடைய மையவாடி அது. கல் இருப்பவர் சொல்வதைத்தான் எல்லோரும் நம்புவார்கள். நமக்கு என்ன நடந்ததோ அதை நாமே இன்னொரு வீட்டுக்குச் செய்துவிடுவோம். என்னை நீ வெறுத்தாலும் சரி, இதை மட்டும் நடக்க விட என்னால் முடியாது.

எந்தப் பெயர் என்று கேட்டாய். இரண்டுமே அவளுடையவை. ஒன்று அவளுக்குக் கொடுக்கப்பட்டது, இன்னொன்று அவளே எடுத்துக்கொண்டது. எங்களுக்காக ஒன்றை நீ விட்டுவிட வேண்டாம். அவள் கபர் அந்த மையவாடியில் எங்கோதான் இருக்கிறது, உன் காலடிக்குப் பத்துத் தப்படி தள்ளியோ, நூறு தப்படி தள்ளியோ. நீ அங்கே நின்று சொல்கிற துஆ அவளுக்குப் போய்ச் சேராது என்று நான் நம்பவில்லை. என் அப்பா ஏற்றிய வர்த்தியின் வெளிச்சம் இத்தனை கடல் தாண்டிப் போயிற்று என்றால் அதுவும் போகும்.

உன்னைத் திரும்பி வரச் சொல்லவில்லை. நீ அங்கே உன் அப்பாவுக்கு உதவியாக இருக்கிறாய், உன் தம்பி தங்கைகள் உன்னைச் சுற்றி வருகிறார்கள், அந்த நகரத்தின் வெயில் உனக்குப் பழகிவிட்டது. அது உன் ஊர்தான். நான் கேட்பது, அழுவதற்கு ஓர் இடம் வேண்டும் என்பதற்காக இன்னொருவர் இடத்தை எடுத்துக்கொள்ளாதே என்பதுதான். உன் அப்பாவிடம் இதைப் பற்றிக் கேள்வி கேட்காதே. அவருக்கு நல்ல தேநீர் போட்டுக் கொடு, நம் ஊர்ப்பக்கம் குடிக்கிற மாதிரி, பாலும் சீனியும் தூக்கலாக. சாப்பிடாமல் படுக்காதே. நான் நன்றாக இருக்கிறேன்.

உன் சின்னம்மா

இனி எழுதுவது, மேலே உள்ளதை உனக்கு அனுப்பிப் பல வாரங்கள் கழித்து.

நீ பதில் எழுதவில்லை. போனில் பேசியபோது கடை வியாபாரத்தைப் பற்றியும் மாம்பழத்தைப் பற்றியும் பேசினாய். நானும் கேட்கவில்லை. வியாழக்கிழமைப் படங்கள் வருவது நின்றுபோயிருந்தது. பிறகு ஒரு நாள் ஒரே ஒரு படம் வந்தது, அதோடு எந்தச் சொல்லும் இல்லை. மையவாடியின் வாசலுக்குப் பக்கத்தில், நீ அன்று முகம் கழுவிய குழாய்க்கு மேல் உள்ள சுவரில், உள்ளங்கை அகல நீல ஓடு ஒன்றைப் பதித்திருந்தாய். ரோசலின் என்று தமிழிலும், நூர் ஆயிஷா என்று உருதுவிலும். ஓரத்தில் உன் அப்பாவின் கை தெரிந்தது, சுண்ணாம்பு காயாமல் விரல்களில் ஒட்டியிருந்தது. ஓட்டுக்குக் கீழே ஒரு கிண்ணம் தண்ணீர். அந்த இடத்தில் யாரும் புதைக்கப்படவில்லை.